இரண்டு பற்களில் ஒரு சிங்கம்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முன்பள்ளி ஒன்றுக்கு உதவி செய்யப் போனேன். பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, மூக்குத் துடைத்துவிடுவது, சண்டை தீர்த்து வைப்பது, இவைதான் என் வேலைகள். ஒருநாள் பொறுப்பான டீச்சர் வரத் தாமதமானது. பிள்ளைகளை அமைதியாக இருத்த அலுமாரியில் இருந்த டைனோசர் படப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள், என் நாக்கில் நுழைய மறுத்த பெயர்களை எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னார்கள்.

புத்தகம் முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்து, மாத்தளையிலும் டைனோசர் இருந்ததா என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது முகங்கள் என்னையே பார்த்துக் கொண்டிருந்தன. இருந்தது, நக்கிள்ஸ் மலைக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் அதே சிறுவன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டு வந்தான். ஒரு பக்கம் கூராக இருந்தது. இது டைனோசரின் பல்தானே என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய உம்மா என்னை வழியில் கண்டு சிரித்துக்கொண்டே சொன்னார். பிள்ளை அந்தக் கல்லைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறானாம். அது வெறும் கல் என்று மூத்தவன் கேலி செய்தபோது, பாலர் வகுப்பு ராத்தாவே சொன்னார் என்று அழுது சண்டை பிடித்தானாம். அவர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கோ அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஒரு சிறு பிள்ளை தன் நானாவோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு என் வார்த்தையை நம்பியிருக்கிறான். அந்த வார்த்தையோ பொய்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. முதலில் உண்மை என்னவென்று தேடிப் பார், பிறகு போய்த் திருத்து என்றார். அப்படித் தேடி நூலகத்துக்குப் போன இடத்தில்தான் ஒரு பெரியவரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. இலங்கையில் மண்ணுக்குள் புதைந்த எலும்புகளைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவருடைய பெயரே முன்னால் வந்து நின்றது. அவர்தான் தெரணியகல.

போல் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல 1900ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி பிறந்தவர். அவருடைய தந்தை சேர் போல் பீரிஸ் சிவில் சேவை அதிகாரியாகவும் சிறந்த வரலாற்றாசிரியராகவும் விளங்கியவர். போர்த்துக்கேயர் கால இலங்கையைப் பற்றிப் பெரிய நூல்களை எழுதியவர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்தில் கந்தரோடையில் அகழ்வு செய்து, அந்த மண்ணின் தொன்மையை உலகுக்குக் காட்டியவரும் அவரே. தெரணியகலவின் தம்பி ஜஸ்டின் பிற்காலத்தில் 43 குழு என்ற ஓவியர் குழுவின் முக்கிய ஓவியரானார். பழையதைத் தேடும் தந்தை, உற்றுப் பார்த்து வரையும் தம்பி. அப்படியொரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, கண்ணில் பட்டதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் வராததில் வியப்பில்லை.

கொழும்பில் புனித தோமையர் கல்லூரியில் படித்த அவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி கற்றார். நாடு திரும்பிய பின்னர் அவர் முதலில் கவனம் செலுத்தியது எலும்புகளில் அல்ல, உயிருள்ள விலங்குகளில்தான். மீன்கள், கடலாமைகள், முதலைகள், பல்லியினங்கள் என்று நம் தீவின் உயிரினங்களை ஒவ்வொன்றாக அளந்து, வேறுபாடுகளைக் குறித்து எழுதினார். ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1939இல் வெளிவந்தது. விலங்குகளுக்கு அறிவியற் பெயர் வைக்கும்போது இலத்தீன் சொற்களோடு நம் நாட்டுச் சொற்களையும் சேர்த்துக் கொள்வது அவருடைய வழக்கம். நன்னீர் முதலைக்கு அவர் வைத்த பெயரில், சிங்களத்தில் முதலையைக் குறிக்கும் கிம்புலா என்ற சொல்லே இருக்கிறது.

முதலையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முன்பள்ளி ஞாபகம் வந்தது. டைனோசர்களுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவினர் முதலைகள். பறவைகளோ உறவினர்கூட அல்ல; ஒருவகை டைனோசரிலிருந்தே நேரடியாக வந்தவை. உம்மா தீனி போடும் கோழியின் காலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அந்தச் செதில்களும் மூன்று முன்விரல்களும் எங்கோ படத்தில் பார்த்தது போல் இருக்கும்.

1939இல் தெரணியகல கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளரானார். 1963 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இரண்டாம் உலகப் போரும் சுதந்திரமும் அந்த 24 ஆண்டுகளுக்குள்தான் வந்து போயின. நூதனசாலை 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்டது. நம் வாசகியர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி, அந்த வெண்ணிறக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டட நிர்மாணியே என்பதாகும். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஜும்ஆ தினத்தை மதித்து நூதனசாலையை வெள்ளிக்கிழமைகளில் மூடும்படி அவர் கேட்டுக் கொண்டார் என்றும், அதன்படியே நீண்ட காலம் நடந்தது என்றும் சொல்வார்கள். அந்தக் கட்டடத்தில் அமர்ந்துதான் தெரணியகல தம் வாழ்நாளின் பெரும்பணியைச் செய்தார்.

ஆனால் அந்தப் பணியின் வேர் கொழும்பில் இல்லை. இரத்தினபுரியின் சேற்றுக் குழிகளில் இருந்தது.

மாணிக்கம் தோண்டும் முறை நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வயலிலோ ஆற்றங்கரையிலோ குழி வெட்டி, மண் சரியாமல் மரச்சட்டம் அடித்து, கீழே இல்லம் எனப்படும் கூழாங்கல் படையை எட்டுவார்கள். அந்தக் கல்லையும் மண்ணையும் மேலே ஏற்றி, கூடையில் இட்டு நீரில் அலசுவார்கள். பளிச்சென்று மின்னுவது மாணிக்கம், மற்றவை குப்பை. அந்தக் குப்பைக்குள் சிலவேளை கறுத்துக் கல்லாகிப் போன எலும்புத் துண்டுகளும் பற்களும் கிடக்கும். மாணிக்கம் தேடும் ஒருவருக்கு அவற்றால் ஒரு சதமும் பயனில்லை.

தெரணியகலவுக்கு அவைதான் மாணிக்கம். குழிகளிலிருந்து வந்த அந்தத் துண்டுகளைச் சேகரித்து, இன்றைய விலங்குகளின் எலும்புகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானை வாழ்ந்தது என்பதை அப்படித்தான் அறிந்தோம். இன்றைய ஆபிரிக்க நீர்யானைக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் 4 பற்கள். நம் தீவில் வாழ்ந்த வகைக்கு 6. காண்டாமிருகமும் இங்கே நடமாடியது. இன்று காடுகளில் காண முடியாத காட்டெருமை இனமான கவராவும் இருந்தது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது சிங்கத்தின் கதை. இலங்கையின் பழங்கதைகளில் சிங்கம் உண்டு; கொடிகளில் உண்டு; நம் மாவட்டத்தின் சீகிரியாவிலே மலைமேல் ஏறும் படிக்கட்டின் இருபுறமும் பெரிய சிங்கப் பாதங்கள் உண்டு. ஆனால் உண்மைச் சிங்கம் ஒன்று இந்த மண்ணில் நடந்ததா என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. குருவிட்ட பகுதியில் கிடைத்த 2 பற்களை வைத்து, 1939இல் தெரணியகல அதை எழுதினார். ஒன்று கீழ்த்தாடையில் இறைச்சியை வெட்டும் பல். மற்றது கோரைப் பல். இன்றைய சிங்கத்தின் பல்லைவிட அந்த வெட்டும் பல் ஒடுக்கமாக இருப்பதைக் கண்டு, அதை அழிந்துபோன ஒரு தனிச் சிங்க வகையாகப் பெயரிட்டார்.

2 பற்கள். அவ்வளவுதான். உடம்பு எவ்வளவு நீளம், பிடரி எப்படி இருந்தது, நிறம் என்ன என்பதெல்லாம் அந்தப் பற்களால் சொல்ல முடியாதவை. ஒரு கல்லைப் பார்த்த மாத்திரத்தில் டைனோசரின் பல் என்று சொன்ன என்னையும், ஒரு பல்லின் அகலத்தை அளந்து பார்த்த பிறகே வாய் திறந்த அவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆயினும் அவரும் பிழையே செய்யாத மனிதரல்லர். சிறிய வேறுபாடுகளைக் கண்டவுடன் புதிய பெயர் வைக்கும் விருப்பம் அவரிடம் கொஞ்சம் அதிகம் இருந்தது. அவர் தனி வகை என்று பிரித்த சிலவற்றைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அதனால் அவருடைய மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஏனென்றால், எதைக் கண்டார், எங்கே கண்டார், என்ன அளவு என்பதையெல்லாம் எழுதி வைத்துவிட்டார். பொருளும் நூதனசாலையில் இருந்தது. ஆகவே பின்னால் வந்தவர்களுக்கு அவரைத் திருத்த முடிந்தது. திருத்த முடியாதபடி சொல்லப்படும் பேச்சைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

எலும்புகளைத் தேடிப் போனவர் மனிதரையும் கண்டார். சபரகமுவக் குகைகளில் அவர் செய்த அகழ்வுகளில் கல்லாயுதங்களும் மனித எலும்புகளும் கிடைத்தன. அந்தப் பழங்கால மனிதருக்குப் பலாங்கொடை மனிதன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சைக்கு எழுதிய பெயர்தான். அதன் பின்னால் ஒரு மனிதரின் பல ஆண்டு உழைப்பு இருப்பதை அப்போது நான் அறியவில்லை. தாம் சேர்த்த அறிவையெல்லாம் தொகுத்து, பிளைத்தோசீன் என்னும் பனியுகக் கால இலங்கையைப் பற்றி 1958இல் பெரியதொரு நூலை வெளியிட்டார். 1976இல் காலமானார். அவருடைய மகன் சிரான் தெரணியகல தொல்பொருளியலாளராகி, தந்தை தொடங்கிய குகை ஆய்வுகளை மேலும் முன்னெடுத்தார். காட்டுச் சருகுக்குள் ஓடும் ஒரு சிறிய அரணையும், மண்ணுக்குள் வாழும் ஒரு சிறிய பாம்பும் இன்று தெரணியகலவின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. பெரிய சிலையைவிட அது அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் என்று நினைக்கிறேன்.

இனி, டைனோசருக்கு வருவோம். இத்தனை எலும்புகளைக் கண்ட தெரணியகலவின் ஆய்வுகளில் டைனோசர் ஏன் இல்லை? காலம்தான் காரணம். டைனோசர்கள் அழிந்து 66 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. இரத்தினபுரிக் குழிகளின் எலும்புகளோ அதற்கு மிகமிகப் பிந்தியவை. அதோடு, நம் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறை. பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய அந்தப் பாறைக்குள் எலும்பைத் தேடிப் பயனில்லை. டைனோசர் காலத்துப் படிவுப் பாறை புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம போன்ற சில இடங்களில் மட்டும் சிறிதளவு இருக்கிறது. அங்கே கிடைத்தவை அக்காலத்துச் செடிகளின் உயிர்ச்சுவடுகள். டைனோசர் எலும்பு இலங்கையில் இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்திருக்கிறது. அக்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலத்துண்டில் இருந்தன. ஆகவே அவை இங்கும் நடந்திருக்கலாம். நடந்தன என்று காட்ட ஒரு பல்கூட நம் கையில் இல்லை.

இவ்வளவையும் நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்தேன். மில்லியன் என்ற சொல் அவர்களுக்கு வெறும் சத்தம். ஆனால் ஓடுவது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை டீச்சரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனேன். முதலில், நான் சொன்னது பிழை, தெரியாமலே சொல்லிவிட்டேன் என்றேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு சுவரோரம் ஒரு கோடு கீறி, இதுதான் இன்று என்றேன். என் பெரிய எட்டு ஒன்று, ஏறக்குறைய 1 மீற்றர், 1 மில்லியன் ஆண்டு என்று வைத்துக் கொண்டேன். கோட்டிலிருந்து என் உள்ளங்கையின் அகலத்தில் ஒரு சிங்கப் படம் வைத்தோம். அதுதான் தெரணியகல கண்ட சிங்கத்தின் காலம் என்று சொல்லத்தக்க தூரம். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைகளால் கல்லறை அமைத்த மக்களுக்கு இரண்டு கடுகைப் பக்கத்தில் வைத்த அகலமே போதுமாக இருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டே 66 எட்டு நடந்தோம். திடலின் மறுகோடி வந்துவிட்டது. அங்கேதான் கடைசி டைனோசரின் படத்தை வைத்தோம். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சிங்கப் படம் கண்ணுக்கே தெரியவில்லை. எவ்வளவு தூரம் என்று ஒரு சிறுமி வியந்தாள். அந்த வியப்புக்கு என் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்தச் சிறுவன் மட்டும் பேசாமல் நின்றான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்து என் கையில் திருப்பித் தந்தான். அந்த நேரம் என் மனம் பட்ட பாட்டை எழுத முடியாது.

நான் அவன் பக்கத்தில் குந்தினேன். இது பல் அல்ல மகன், மாத்தளைச் சுண்ணாம்புச் சூளைகளில் சுடுகிறார்களே, அந்த வெள்ளைப் பாறையின் துண்டு என்றேன். ஆனால் இது டைனோசரைவிட வயதில் மூத்தது என்றும் சொன்னேன். அது பொய்யல்ல, எங்கள் ஊர்ப் பளிங்குப் பாறைகள் உருவாகி 500 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. டைனோசருக்கு 66 எட்டு நடந்தோம். இந்தக் கல்லுக்குத் திடலைத் தாண்டி, பாதையைத் தாண்டி, 500 எட்டு நடக்க வேண்டும். முதல் டைனோசர் பிறந்தபோதே இது இருந்தது. கடைசி டைனோசர் செத்தபோதும் இருந்தது.

அவன் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக் கொண்டான். இதை நானாவிடம் சொல்லலாமா என்று கேட்டான். சொல், இந்த முறை தைரியமாகச் சொல் என்றேன்.

தோழியரே, உங்கள் வீட்டுத் தம்பி தங்கைகளும் டைனோசர் மோகத்தில் இருக்கக்கூடும். பெற்றோரே, அவர்கள் கேட்கும் கேள்விகள் உங்களையும் திணற வைத்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். கோழிக்காலைக் காட்டுங்கள், திடலில் 66 எட்டு நடக்கவிடுங்கள், வாய்ப்புக் கிடைத்தால் நூதனசாலைக்கு அழைத்துப் போங்கள். 2 பற்களுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் சிங்கத்தைக் காட்டிய ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அவ்வளவு உண்மையே போதும்.